அரசுத் துறைகளுக்கு நிதிநிலை அறிக்கை வழியே செயல் இலக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒதுக்கிய பணத்தைக் கொண்டு ஒரு துறை செய்து முடித்ததைப் 'பணி' என்றும், அந்தப் பணியால் மக்களின் வாழ்வில் உண்டான மாற்றத்தைப் 'பயன்' என்றும் குறிப்பிடுகிறோம். அரசு ஆவணங்களில் இவை அவுட்புட், அவுட்கம் எனப்படுகின்றன.

நிதிநிலை அறிக்கை வழியே இலக்கு நிர்ணயிப்பது என்றால் என்ன?

ஒரு துறைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்படுகிறது என்பதோடு, அந்தப் பணத்தைக் கொண்டு ஆண்டு முடிவதற்குள் அது எதைச் செய்து தர வேண்டும், அதனால் யாருக்கு என்ன நன்மை விளைய வேண்டும் என்பதையும் எழுதி நாடாளுமன்றம் அல்லது சட்டமன்றம் ஆகிய அவையின் முன் வைத்து, ஆண்டு முடிந்தபின் அதே தாளை எடுத்துச் சரிபார்ப்பதே இந்த முறை.

வழக்கமான நிதிநிலை ஆவணம் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதில்லை. அரசியலமைப்பின் 112ஆவது பிரிவு நாடாளுமன்றத்திலும் 202ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றங்களிலும் ஆண்டு நிதிநிலை அறிக்கையை வைக்கச் சொல்கின்றன. அதைத் தொடர்ந்து, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கைகள் சம்பளம், பயணப்படி, அலுவலகச் செலவு, உதவி மானியம், பெரும் பணிகள் என்று கணக்குத் தலைப்புகளின் வரிசையில் அமைந்திருக்கும். ஒரு துறை எரிபொருளுக்கு எவ்வளவு செலவிடப் போகிறது என்பதை அந்தப் புத்தகத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். அந்தத் துறையின் வண்டி எந்தக் கிராமத்துக்கு எத்தனை முறை போனது, போனதால் என்ன நடந்தது என்பதை அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இலக்கு நிர்ணயிப்பதற்கு வேறு வழிகள் இருக்க, நிதிநிலை அறிக்கையோடு ஏன் இணைக்க வேண்டும்?

ஆண்டில் ஒருமுறை எல்லாத் துறைகளும் விதிவிலக்கின்றி வந்து கேட்டுப் பெற்றாக வேண்டிய இடம் நிதிநிலை அறிக்கை ஒன்றுதான். அமைச்சர் அவையில் வெளியிடும் அறிவிப்பையும், துறைத் தலைவர் ஆய்வுக் கூட்டத்தில் சொல்லும் வாக்குறுதியையும் மறுநாள் யாரும் நினைவூட்டாமல் போகலாம். ஆனால் அடுத்த ஆண்டு அதே துறை அதே நிதித்துறையின் முன் மறுபடியும் வந்து நிற்கப் போகிறது என்பது உறுதி. பணம் கேட்கும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விக்கு இருக்கும் வலிமை வேறு எந்த நேரத்தில் கேட்கப்படும் கேள்விக்கும் கிடையாது. எனவே இலக்கைப் பற்றிய பேச்சு, பணத்தைப் பற்றிய பேச்சு நடக்கும் அதே மேசையில், அதே நாளில் நடக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை நிறைவேறாத இடங்களில் இலக்கு ஆவணங்கள் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும் வேலை செய்யவில்லை என்பதுதான் இந்தியாவின் அறுபது ஆண்டு அனுபவம்.

பணிக்கும் பயனுக்கும் உள்ள வேறுபாடு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். இந்த முறையின் பெரும்பாலான தோல்விகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே தொடங்குகின்றன.

தூய்மை இந்தியா இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இத்திட்டத்தின் ஊரகப் பகுதியில், தகுதியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டு, 2019 அக்டோபர் 2 அன்று ஊரக இந்தியா திறந்தவெளி மலம் கழித்தலற்ற நிலையை அடைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கழிப்பறை கட்டுவது பணி; அதை மக்கள் பயன்படுத்துவது பயன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டின் 19 விழுக்காடு குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்று பதிவு செய்தது. 2015-16இல் நடந்த நான்காவது ஆய்வில் அந்த அளவு 39 விழுக்காடு. அதாவது மிகப் பெரிய முன்னேற்றம் நடந்திருக்கிறது. அதே சமயம் அறிவிக்கப்பட்ட முழுமை எட்டப்படவில்லை. கட்டடங்களை எண்ணியவர்களுக்கு நூறு விழுக்காடு தெரிந்தது. வீடுகளுக்குப் போய்க் கேட்டவர்களுக்கு எண்பதை ஒட்டிய ஓர் எண் தெரிந்தது. இரு தரப்பினரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வெவ்வேறு பொருள்களை அளந்தார்கள்.

குடிநீருக்கான ஜல் ஜீவன் இயக்கம் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே உணர்ந்து வடிவமைக்கப்பட்டது என்பதைப் பாராட்டியாக வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டபோது 3.23 கோடி ஊரக வீடுகளில் மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. இலக்கு வெறும் இணைப்பு என்று எழுதப்படாமல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தரமான நீர், தொடர்ந்து, நீண்ட காலத்துக்கு என்று எழுதப்பட்டது. ஆனாலும் நாளிதழிலும் மேடையிலும் நம் காதில் விழுந்த எண் இணைப்புகளின் எண்ணிக்கைதான். இணைப்பை ஒருமுறை எண்ணினால் போதும். நீர் வருகிறதா என்பதை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். எண்ணுவதற்கு எளிதான ஒன்று, எண்ண வேண்டிய ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் போக்கு எந்தத் துறையிலும் நிகழக்கூடியது.

இந்தியாவில் இந்த முயற்சி எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில் 1949இல் ஹூவர் ஆணையம், கூட்டாட்சி அரசின் வரவு செலவுத் திட்டம் செய்யப்படும் பணிகளின் அடிப்படையில் எழுதப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் கருத்து இங்கே 1966இல் அமைக்கப்பட்ட முதலாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் வழியாக வேர்விட்டது. ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, 1968-69 முதல் ஒன்றிய அரசின் சில அமைச்சகங்கள் 'பெர்பாமன்ஸ் பட்ஜெட்' எனப்படும் செயல்திறன் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கத் தொடங்கின; 1970களில் அது பிற வளர்ச்சித் துறைகளுக்கும் விரிந்தது. ஆனால் அந்த ஆவணம் மானியக் கோரிக்கையோடு ஒட்டாமல் தனிப் புத்தகமாகவே இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது அச்சிடப்பட்டும் வந்தது.

2005 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், பணம் ஒதுக்குவதால் மட்டுமே பயன் விளைந்துவிடாது என்றும் நாட்டு மக்கள் கவலைப்படுவது பயனைப் பற்றியே என்றும் எச்சரித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் முதலாவது 'அவுட்கம் பட்ஜெட்' நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பழைய செயல்திறன் ஆவணமும் இந்தப் புதிய பயன் ஆவணமும் 2007-08 முதல் ஒன்றாக்கப்பட்டன.

2009இல் வேறொரு பாதை திறக்கப்பட்டது. அமைச்சரவைச் செயலகத்தில் செயல்திறன் மேலாண்மைப் பிரிவு அமைக்கப்பட்டு, ஒவ்வொரு துறையின் செயலாளரும் ஆண்டுத் தொடக்கத்தில் இலக்குகளையும் அவற்றின் முக்கியத்துவத்துக்கேற்ற மதிப்பெண்களையும் எழுதிக் கையொப்பமிட்டு, ஆண்டிறுதியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடப்படும் முறை கொண்டுவரப்பட்டது. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட முறை அது. ஆனால் மதிப்பெண் வழங்கும் இடம் ஒன்றாகவும் பணம் வழங்கும் இடம் வேறொன்றாகவும் இருந்தன. 2014க்குப் பிறகு அது கைவிடப்பட்டபோது எந்தத் துறையின் ஒதுக்கீட்டிலும் அதனால் மாற்றம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. இணைப்பே இல்லாத ஒன்றை அறுத்தால் எதுவும் அசையாது.

2017-18 ஒரு திருப்பம். அந்த ஆண்டில் நிதிநிலை அறிக்கை பிப்ரவரி 1ஆம் நாளுக்கு முன்னகர்த்தப்பட்டது. ரயில்வே நிதிநிலை அறிக்கை பொது அறிக்கையோடு சேர்க்கப்பட்டது. திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பிரிவினை நீக்கப்பட்டது. எல்லா அமைச்சகங்களையும் உள்ளடக்கிய ஒருங்கிணைந்த பயன் ஆவணமும் முதன்முறையாக நிதிநிலை ஆவணங்களோடு சேர்த்து வைக்கப்பட்டது.

இப்போது ஒன்றிய அரசில் நடைமுறை எப்படி இருக்கிறது?

'அவுட்புட் அவுட்கம் மானிட்டரிங் ஃபிரேம்வொர்க்' என்ற பெயரில் ஓர் ஆவணம் நிதிநிலை அறிக்கையோடு வெளியிடப்படுகிறது. ஆண்டுக்கு 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஒதுக்கீடு பெறும் ஒன்றியத் திட்டங்களும் ஒன்றிய அரசு நிதியுதவித் திட்டங்களும் இதில் இடம்பெறும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒதுக்கீடு, பணி, பணியின் அளவுகோல், அவ்வாண்டு இலக்கு, பயன், பயனின் அளவுகோல், இலக்கு என்று கட்டங்கள் இருக்கும். நிதி ஆயோக்கின் கீழ் 2015இல் உருவாக்கப்பட்ட வளர்ச்சிக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலகம், அமைச்சகங்களோடு சேர்ந்து இந்த அளவுகோல்களை வடிவமைத்துத் தொடர்ந்து கண்காணிக்கிறது.

முன்னைய முயற்சிகளைவிட இது நல்ல ஆவணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். செப்டம்பர் வாக்கில் நிதியமைச்சகம் சுற்றறிக்கை அனுப்புகிறது. அக்டோபர், நவம்பரில் ஒவ்வொரு அமைச்சகத்தோடும் நடக்கும் கூட்டங்களில் நடப்பாண்டின் திருத்த மதிப்பீடும் (ஆண்டின் இடையில் மாற்றி எழுதப்படும் ஒதுக்கீடு) அடுத்த ஆண்டின் உச்சவரம்பும் பேசி முடிக்கப்படுகின்றன. அந்தக் கூட்டத்தில் முதன்மையாகப் பார்க்கப்படுவது செலவு எந்த வேகத்தில் போகிறது என்பது. கடைசிக் காலாண்டில் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச் மாதத்தில் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. முந்தைய தவணைப் பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததா என்று பார்க்கவும் விதி இருக்கிறது. பயன் எந்த வேகத்தில் விளைகிறது என்று கேட்டு, அந்த விடையை வைத்துக்கொண்டு உச்சவரம்பை முடிவு செய்யும் கட்டாயம் எதுவும் இல்லை. பணம் முடிவான பிறகு கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. கையிலிருக்கும் பணத்துக்கேற்ப இலக்கை எழுதிக்கொள்வதற்கும், அடைய வேண்டிய இலக்குக்கேற்பப் பணத்தைக் கணக்கிடுவதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது.

ஜல் ஜீவன் இயக்கத்தில் நடந்ததே இதற்குச் சான்று. 2024-25க்கு ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திருத்த மதிப்பீட்டில் அது 23,000 கோடிக்கும் கீழே இறங்கியது. 2024ஆம் ஆண்டுக்குள் எல்லா ஊரக வீடுகளுக்கும் என்றிருந்த இலக்கு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. ஒதுக்கீட்டில் மூன்றில் இரண்டு பங்கு குறையும்போது, 'இந்தக் குறைப்பால் எத்தனை வீடுகளுக்கு நீர் தள்ளிப் போகிறது, எந்த மாநிலங்களில்?' என்ற விளக்கம் அதே பக்கத்தில் அச்சாக வேண்டும். திருத்த மதிப்பீட்டுப் பத்தியில் எண் மட்டுமே மாறுகிறது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இதில் ஒரு நல்ல மரபு உண்டு. மக்களவையில் பெரும்பாலான மானியக் கோரிக்கைகள் விவாதமின்றி, கில்லட்டின் முறையில் ஒரே நாளில் நிறைவேறிவிடுகின்றன. இங்கோ துறைவாரியாக நாள் குறித்து விவாதம் நடக்கிறது. ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை உறுப்பினர்களுக்கு வழங்குகிறது. பல துறைகளின் குறிப்புகள் உண்மையிலேயே தகவல் செறிந்தவை. திட்டங்களின் வரலாறு, பயனாளிகளின் எண்ணிக்கை, செலவு எல்லாம் அதில் கிடைக்கும்.

குறை என்னவென்றால், அந்தக் குறிப்பு கடந்ததை விவரிக்கும் நடையில் எழுதப்படுகிறது. சென்ற ஆண்டு இதே குறிப்பில் நாங்கள் சொன்னது இது, எட்டியது இது, எட்டாததற்குக் காரணம் இது என்று மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை முதல் பக்கத்தில் இருந்தால், மானியக் கோரிக்கை விவாதத்தின் தரமே மாறிவிடும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாநிலத் திட்டக் குழுவும், மதிப்பீடு மற்றும் பயன்பாட்டு ஆய்வுத் துறையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் ஆய்வு முடிவுகள் மானியக் கோரிக்கை வரும் வாரத்தில் உறுப்பினர்களின் மேசையில் இருக்கச் செய்தாலே போதும்.

நல்ல இலக்கை எப்படி எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டம் முதற்கட்டமாக 1,545 தொடக்கப் பள்ளிகளில் 1.14 லட்சம் மாணவர்களுக்கு, 33.56 கோடி ரூபாய்ச் செலவில் நடத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. திட்டத்தின் நோக்கங்களை அரசே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பிள்ளைகள் பசியின்றிப் பள்ளிக்கு வருவது, ஊட்டச்சத்துக் குறைபாடு நீங்குவது, இரத்தசோகை குறைவது, வருகை உயர்வது, வேலைக்குப் போகும் தாய்மார்களின் சுமை குறைவது. நோக்கங்களை இவ்வளவு தெளிவாக எழுதிய திட்டங்கள் அரிது. எனவே இலக்காக மாற்றுவதும் எளிது.

இத்தனை பள்ளிகளில் இத்தனை வேளை உணவு பரிமாறப்படும் என்பது பணி இலக்கு. அதுவும் தேவைதான், ஏனெனில் பணி நடக்காமல் பயன் வராது. ஆனால் அதோடு நிற்கக் கூடாது. இரத்தசோகையை எடுத்தால், திட்டம் தொடங்குவதற்கு முன் இந்தப் பள்ளிகளின் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்தது என்ற தொடக்க நிலை முதலில் வேண்டும். பிறகு எந்த ஆண்டுக்குள் அது எவ்வளவாகக் குறைய வேண்டும், அளப்பவர் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பார், அளவை எங்கே வெளியிடுவார் என்பவை எழுதப்பட வேண்டும். தொடக்க நிலை எழுதப்படாத இலக்கு, புறப்பட்ட ஊரைச் சொல்லாமல் எட்டிய மைல்கல்லை மட்டும் சொல்வதைப் போன்றது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரத்தசோகை காலை உணவால் மட்டும் குறைவதில்லை. பள்ளிகளில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்கம், வீட்டு உணவு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. அவை வேறு துறைகளின் கையிலோ குடும்பத்தின் கையிலோ இருக்கின்றன. எனவே பணி இலக்குக்கு அந்தத் துறையின் தலைவரைத் தனியாகப் பொறுப்பாக்கலாம். பயன் இலக்குக்குத் தொடர்புடைய துறைகளைக் கூட்டாகத்தான் பொறுப்பாக்க முடியும். இதைப் பிரித்து எழுதாவிட்டால், தம் கையில் இல்லாததற்குத் தண்டிக்கப்படுவோம் என்று அஞ்சும் அலுவலர்கள் மிக எளிய இலக்குகளையே எழுதித் தருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இலக்கை எட்டாத துறைக்கு அடுத்த ஆண்டு பணத்தைக் குறைக்க வேண்டுமா?

கூடாது, குறைந்தபட்சம், காரணம் தெரியாமல் கூடாது. இந்தக் கேள்வியை எழுப்புபவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் எழுப்புகிறார்கள். ஆனால் தடுப்பூசி இலக்கை எட்டாத மாவட்டத்தின் பணத்தைக் குறைத்தால் தண்டிக்கப்படுவது மாவட்ட அலுவலர் அல்லர், ஊசி போடப்படாத குழந்தை. எட்டாததற்குக் காரணம் பணப் பற்றாக்குறையாக இருக்கலாம், காலிப் பணியிடமாக இருக்கலாம், திட்டத்தின் வடிவமே தவறாக இருக்கலாம், ஒரு வெள்ளமாகவும் இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

அமெரிக்காவில் 2002 முதல் சில ஆண்டுகள் ஏறத்தாழ ஆயிரம் அரசுத் திட்டங்களுக்கு 'பயனுள்ளது' முதல் 'பயனற்றது' வரை தரம் வழங்கி, அதை ஒதுக்கீட்டோடு இணைக்க முயன்றார்கள். நாடாளுமன்றம் அந்தத் தரங்களைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2010இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் வேறு வழியைத் தேர்ந்தது: ஒவ்வொரு பெரிய துறையும் இரண்டு ஆண்டுக்கான சில முன்னுரிமை இலக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, காலாண்டுக்கு ஒருமுறை உயர் அலுவலர்கள் உட்கார்ந்து, எங்கே தடைபட்டது என்று ஆராய வேண்டும் என்றது.

இந்த மனப்பான்மைக்கு நமக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டே தேவையில்லை. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை நீண்ட காலமாகவே ஒவ்வொரு மகப்பேறு மரணத்தையும் தனித்தனியாக ஆராய்ந்து வருகிறது. எந்த இடத்தில் தாமதம் ஏற்பட்டது? வீட்டிலா, வாகனத்திலா, மருத்துவமனையிலா? இரத்தம் இருந்ததா? மருத்துவர் இருந்தாரா? இப்படிக் கேட்டுக் கேட்டுத் திருத்தியதற்கும் இந்த முன்னேற்றத்தில் பெரும் பங்குண்டு: பிறப்பு, இறப்புகளைக் கணக்கிடும் 2018-20 மாதிரிப் பதிவு ஆய்வின்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த எண் 54. ஒரு மரணம் நிகழ்ந்த மாவட்டத்தின் மருந்து நிதியைக் குறைத்து இந்த நிலையை எட்டியிருக்க முடியாது.

எண்ணை எட்டுவதற்காக எண்ணையே திருத்திவிட மாட்டார்களா?

திருத்துவார்கள். அதை முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் முறையை வடிவமைக்க வேண்டும்.

இதற்கு மிகவும் வேதனையான எடுத்துக்காட்டு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை. மருத்துவரைப் பார்க்க விரும்பும் படைவீரருக்கு 14 நாட்களுக்குள் நேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்று அத்துறை இலக்கு வைத்தது. அதிகாரிகளின் பணி மதிப்பீட்டோடும் அது இணைக்கப்பட்டிருந்தது. மருத்துவர்களோ போதுமான அளவில் இல்லை. பீனிக்ஸ் நகர மருத்துவமனையில் 1,700 படைவீரர்கள் அதிகாரபூர்வ மின்னணுக் காத்திருப்புப் பட்டியலிலேயே சேர்க்கப்படாமல் காத்திருந்ததை 2014 மே மாதம் தலைமை ஆய்வாளர் வெளிப்படுத்தினார். பட்டியலில் இல்லாதவர் காத்திருப்பவராகக் கணக்கில் வரமாட்டார் அல்லவா? துறையின் செயலாளர் எரிக் ஷின்செகி அந்த மாத இறுதியிலேயே பதவி விலகினார்.

பிரிட்டனில் 1998 முதல் செலவு ஆய்வோடு சேர்த்துத் துறைகள் நிதியமைச்சகத்தோடு பொதுச் சேவை ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. நான் அறிந்தவரை, இலக்கும் பணமும் ஒரே மேசையில் பேசப்பட்ட முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. அவசர சிகிச்சைப் பிரிவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரும் காத்திருக்கக் கூடாது என்ற இலக்கால் காத்திருப்பு உண்மையாகவே வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில், உயிராபத்து அழைப்புகளுக்கு ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்துக்குள் செல்ல வேண்டும் என்ற இலக்கின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சில இடங்களில் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் பதிவுகள் இயற்கைக்கு மாறாகக் குவிந்திருப்பதையும் கண்டார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த இலக்குகள் 2007இல் 30 ஒப்பந்தங்களாகச் சுருக்கப்பட்டு, 2010இல் ஆட்சி மாறியபோது முழுவதுமாகக் கைவிடப்பட்டன.

செய்யக்கூடியவை சில உண்டு. வேலையைச் செய்பவரே அளவையும் எழுதக் கூடாது. ஓர் எண்ணை இன்னொரு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பள்ளி வருகைப் பதிவை மதிய உணவுக் கணக்கோடு ஒப்பிடுவதைப் போல. வேகத்துக்கு இலக்கு வைத்தால் தரத்துக்கும் ஒன்று வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான குறைந்த எண்ணைக் கொண்டுவரும் அலுவலர் அவமதிக்கப்படக் கூடாது. ஒருமுறை அவமதித்தால் அடுத்த மாதம் எல்லா மாவட்டங்களிலிருந்தும் நல்ல எண்களே வரும்.

ஒரு துறைக்கு எத்தனை இலக்குகள் இருக்கலாம்?

துறைத் தலைவர் தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடிய அளவுக்குத்தான். அதற்கு மேற்பட்டவை உள்கண்காணிப்புக்குப் பயன்படட்டும். அவையின் முன் வைக்க வேண்டியதில்லை.

காவல்துறை, நீதித்துறை போன்றவற்றை எண்ணால் அளக்க முடியுமா?

ஓரளவுக்கு, மிகுந்த எச்சரிக்கையோடு. பதிவான வழக்குகளைக் குறைக்க வேண்டும் என்று காவல் நிலையத்துக்கு இலக்கு வைத்தால், புகாரை வாங்க மறுப்பதே அந்த இலக்கை எட்டுவதற்கான எளிய வழியாகிவிடும். பாதிக்கப்படுபவர் புகார் கொடுக்க வந்த பெண்ணாகவோ எளியவராகவோதான் இருப்பார். இத்தகைய துறைகளில், புகார் கொடுக்க வந்தவர் எவ்வாறு நடத்தப்பட்டார், முதல் தகவல் அறிக்கை எவ்வளவு நேரத்தில் பதிவானது, குற்றப்பத்திரிகை உரிய காலத்தில் தாக்கலானதா என்பன போன்ற நடைமுறை சார்ந்த அளவுகோல்களே பாதுகாப்பானவை. குற்ற எண்ணிக்கையைத் தகவலாக வெளியிடலாம். இலக்காக வைக்கக் கூடாது.

ஒன்றிய அரசு பணம் தந்து மாநில அரசு செயல்படுத்தும் திட்டங்களில் இலக்குக்கு யார் பொறுப்பு?

இன்றைய நிலையில் இருவரும் பொறுப்பேற்பதில்லை என்பதே நேர்மையான விடை. அளவுகோலை தில்லியில் ஓர் அமைச்சகம் எழுதுகிறது. வேலையை மாவட்டத்தில் ஓர் அலுவலர் செய்கிறார். தவணை தாமதமானதால் பணி தாமதமானது என்று மாநிலமும், பயன்பாட்டுச் சான்றிதழ் வராததால் தவணை தாமதமானது என்று ஒன்றியமும் சொல்கின்றன. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். நாடு முழுவதற்குமான ஒரே எண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு மாநிலத்தோடும் தனித்தனியாகப் பேசி, அதன் தொடக்க நிலைக்கேற்ற இலக்கை எழுதி, தவணை வரவேண்டிய நாளையும் அதே தாளில் குறித்தால், தாமதம் யாருடையது என்பதாவது தெளிவாகும். மகப்பேறு மரணத்தில் 2018-20இல் 54இல் இருந்த மாநிலத்துக்கும் அதைப்போல இரு மடங்குக்கு மேல் இருந்த மாநிலத்துக்கும் ஒரே இலக்கு பொருந்தாது.

எட்டியதாகத் துறை சொல்வதை யார் சரிபார்க்கிறார்கள்?

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் செலவு விதிப்படி நடந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. செலவால் எதிர்பார்த்த பலன் கிடைத்ததா என்று பார்க்கும் செயல்திறன் தணிக்கையும் செய்கிறார். அதன் அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. ஒன்றியத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை அவை விவாதத்துக்கு முன்பே பரிசீலிக்கின்றன. குடும்பநல ஆய்வு, மாதிரிப் பதிவு ஆய்வு போன்றவை துறையைச் சாராத அளவுகளைத் தருகின்றன. சிக்கல் காலத்தில்தான். தணிக்கை அறிக்கை வரும்போது அந்தச் செலவு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பெரும் ஆய்வுகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடக்கின்றன. முக்கியமான ஐந்தாறு பயன்களுக்காவது ஆண்டுதோறும் சிறிய மாதிரி ஆய்வு நடத்தி, அக்டோபர் கூட்டத்துக்கு முன் முடிவு கையில் இருக்குமாறு செய்வதற்கு ஆகும் செலவு, அந்தத் திட்டங்களின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஒரு சாதாரண வாசகர் இந்த ஆவணங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரே ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியாகவோ, உங்கள் ஊர்க் குடிநீராகவோ இருக்கலாம். மாநிலத் திட்டமென்றால் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழக அரசின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்றியத் திட்டமென்றால் நிதிநிலை ஆவணங்களோடு வெளியாகும் பணி, பயன் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டினதை மட்டும் படித்தால் எல்லாம் நன்றாகவே தோன்றும். இந்த ஆண்டினதையும் சென்ற ஆண்டினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமல் போன அளவுகோல் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அடுத்து, சென்ற ஆண்டின் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு இரண்டையும் பாருங்கள். பணம் பெரிதாகக் குறைந்தும் இலக்கு அப்படியே இருந்தாலோ, இலக்கு குறைந்தும் பணம் அப்படியே இருந்தாலோ, அந்த வரியைக் குறித்துக்கொண்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் எழுதுங்கள். துறைக்கான விவாத நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பாவது கடிதம் போய்ச் சேர வேண்டும். பதில் வராவிட்டால், அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் அவர் விடை தர வேண்டும்.